தேற்றம் என்றொரு வகை: ராபின் மில்னர் விட்டுச்சென்றவை

பிரிட்டிஷ் கணினியியலாளர் ராபின் மில்னரின் பெயரை நான் எந்தப் பாடநூலிலும் படித்து அறிந்துகொள்ளவில்லை. ஒரு சிறு பயிற்சியில் நான் செய்த தவறை, நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் சொன்ன விதம்தான் என்னை அவரிடம் அழைத்துச் சென்றது. எம்எல் என்ற நிரல் மொழியைக் கற்கத் தொடங்கியிருந்த நேரம் அது. ஒரு பட்டியலைத் தலைகீழாகத் திருப்பித் தரும் சார்பை எழுத வேண்டும். வெற்றுப் பட்டியல் வந்தால் வெற்றுப் பட்டியலையே தர வேண்டும். இல்லாவிட்டால் முதல் உறுப்பைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, மீதியைத் தலைகீழாக்கி, அதன் கடைசியில் எடுத்து வைத்ததைச் சேர்க்க வேண்டும். இரண்டே வரிகள். எழுதினேன், ஆனால் எடுத்து வைத்த உறுப்பைக் கடைசியில் சேர்க்க மறந்துவிட்டேன். கம்பைலர் பிழை என்று எதையும் காட்டவில்லை. நிரலை ஏற்றுக்கொண்டு, வழக்கம்போல் அந்தச் சார்பின் வகையை, அதாவது அது எந்த விதமான தகவலை வாங்கி எதைத் தரும் என்பதை, ஒரு வரியில் அச்சிட்டது: ஆல்ஃபா பட்டியலை வாங்கி பீட்டா பட்டியலைத் தரும் சார்பு.

ஆல்ஃபா, பீட்டா என்பவை எந்த வகைக்கும் இடம் கொடுக்கும் எழுத்துகள். எண்களின் பட்டியலைத் தலைகீழாக்கினால் எண்களின் பட்டியல்தான் வரவேண்டும்; பெயர்களின் பட்டியலைத் தலைகீழாக்கினால் பெயர்கள்தான் வரவேண்டும். என் சார்போ, எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் அதோடு தொடர்பே இல்லாத இன்னொரு வகைப் பட்டியலைத் தருவதாக உறுதி சொல்கிறது. அப்படி ஒரு சார்பு எப்படி இருக்க முடியும் என்று யோசித்தபோதுதான் விஷயம் உறைத்தது. பீட்டா வகையில் ஒரு பொருள்கூட அதன் கையில் இல்லை. எனவே வெற்றுப் பட்டியலைத் தருவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. நிரலை ஒருமுறைகூட ஓட்டாமல், ஒரு சோதனைகூட எழுதாமல், அது எப்போதும் வெறுங்கையோடுதான் திரும்பும் என்பதை அந்த ஒற்றை வரி எனக்குச் சொல்லிவிட்டது.

கம்பைலர் இதை எப்படிக் கண்டுகொண்டது என்பதை அன்றிரவு தாளில் போட்டுப் பார்த்தேன். சார்பு வாங்குவது ஏதோ ஒரு வகை, தருவது ஏதோ ஒரு வகை. தொடக்கத்தில் இரண்டும் தெரியாதவை. முதல் வரியில் வெற்றுப் பட்டியல் உள்ளே வருகிறது, ஆகவே வாங்குவது ஒரு பட்டியல். அதன் உறுப்புகளின் வகையை ஆல்ஃபா என்று வைத்துக்கொள்ளலாம். அதே வரியில் வெற்றுப் பட்டியல் வெளியே போகிறது, ஆகவே தருவதும் ஒரு பட்டியல். அதன் உறுப்புகளின் வகை பீட்டா. இரண்டாம் வரியில் பிரித்தெடுத்த முதல் உறுப்பு ஆல்ஃபா. மீதி, ஆல்ஃபா பட்டியல். மீதியைத் தலைகீழாக்கக் கொடுத்தால் கிடைப்பது பீட்டா பட்டியல். எடுத்து வைத்த ஆல்ஃபாவை அந்தப் பீட்டா பட்டியலின் கடைசியில் நான் சேர்த்திருந்தால், அந்த இடத்தில் ஆல்ஃபாவும் பீட்டாவும் ஒன்று என்ற சமன்பாடு பிறந்திருக்கும். நான் சேர்க்கவில்லை, சமன்பாடு பிறக்கவில்லை, இரு எழுத்துகளும் கடைசிவரை ஒன்றையொன்று சந்திக்காமலே நின்றுவிட்டன. பள்ளி இயற்கணிதத்தில் தெரியாதவற்றுக்கு எழுத்து வைத்துச் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு மிகக் குறைவு.

அதற்குப் பிறகுதான் இந்த முறை யாருடையது என்று தேடிச் சென்றேன். நிரல் எழுதுவோரின் வசதிக்காக ஒரு மொழியை வடிவமைத்த மனிதரைச் சந்திப்பேன் என்று எதிர்பார்த்தேன்; நான் கண்டதோ, இயந்திரம் ஒன்றை நிரூபித்துவிட்டதாகச் சொன்னால் அதை எதை வைத்து நம்புவது என்ற கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் உழைத்த ஒருவரை. மில்னரின் ஆய்வு மரபை எம்எல், ஓகேம்ல், ஹாஸ்கெல், எஃப் ஷார்ப் என்று மொழிகளின் வம்சாவளியாகச் சொல்வதே வழக்கம். அது தவறல்ல. ஆனால் எம்எல் என்பதன் விரிவே ‘மெட்டா லாங்வேஜ்’, அதாவது வேறொன்றைப் பற்றிப் பேசுவதற்கான மொழி. அது தேற்றங்களைக் காவல் காக்கப் பிறந்தது; அதன் ஒவ்வொரு சிறப்பும் அந்தக் காவல் பணியிலிருந்து வந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, நான் அன்றாடம் பயன்படுத்தும் கருவிகளைப் பார்க்கும் பார்வையே எனக்கு மாறிவிட்டது.

மில்னர் 1934 ஜனவரி 13 அன்று இங்கிலாந்தில் பிளிமத் நகருக்கு அருகிலுள்ள யாம்ப்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் கணிதமும் பின்னர் மெய்யியலும் படித்தார். அங்கே 1956இல் எட்சாக் கணினியில் நிரல் எழுதக் கற்றவர், அந்த வேலை தமக்கு அழகானதாகப் படவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். சிலகாலம் பள்ளி ஆசிரியர், பிறகு ஃபெராண்டி நிறுவனத்தில் நிரலாளர், அதன்பின் லண்டனிலும் ஸ்வான்சியிலும் பல்கலைக்கழகப் பணி. முனைவர் பட்டம் அவர் வாங்கவே இல்லை. கணினியியலின் மிக உயர்ந்த விருதான டியூரிங் விருதைப் பெற்றவரின் வாழ்க்கைக் குறிப்பில் இது வியப்பான செய்திதான் என்றாலும், பின்னாளில் அவர் எழுதியவற்றைப் படிக்கும்போது, ஒரு துறைக்குள் அடங்கிவிடாத அந்த மனப்பாங்குக்கு இந்தச் சுற்றுப்பாதை உதவியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கதை உண்மையில் தொடங்குவது 1971-72இல், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில். கணினிச் சார்புகளைப் பற்றித் தர்க்கரீதியாகப் பேசுவதற்கு டேனா ஸ்காட் 1969இல் ஒரு தர்க்க முறையை வகுத்திருந்தார். அந்தத் தர்க்கத்தில் மனிதர் அடியடியாகக் கொடுக்கும் நிரூபணத்தைச் சரிபார்க்கும் நிரல் ஒன்றை மில்னரும் அவருடைய சகாக்களும் உருவாக்கினார்கள். அதற்கு எல்சிஎஃப் என்று பெயர். அது வேலை செய்தது, ஆனால் இரண்டு இடங்களில் முட்டிக்கொண்டது. நிரூபணத்தின் ஒவ்வொரு அடியையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டிருந்ததால், சற்றே பெரிய நிரூபணத்துக்கும் அந்நாளைய கணினியின் நினைவகம் நிரம்பிவிடும். இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. பயனருக்குக் கொடுக்கப்பட்ட கட்டளைகள் சிலவே. ஒரே மாதிரியான பத்து அடிகளைத் திரும்பத் திரும்பக் கைப்படக் கொடுக்க வேண்டியிருந்தது. புதிய கட்டளைகளைப் பயனரே எழுதிச் சேர்த்துக்கொள்ள இடம் கொடுத்தால் அலுப்பு தீரும். ஆனால் அவர் எழுதியதில் தவறு இருந்தால், பொய்யான ஒன்று தேற்றமாக உள்ளே நுழைந்துவிடும். வசதி வேண்டுமென்றால் நம்பகத்தை இழக்க வேண்டும், நம்பகம் வேண்டுமென்றால் வசதியை இழக்க வேண்டும் என்ற நிலை.

1973இல் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு வந்த மில்னர், லாக்வுட் மாரிஸ், மால்கம் நியூவி, பின்னர் மைக் கார்டன், கிறிஸ் வாட்ஸ்வொர்த் ஆகியோருடன் சேர்ந்து கண்ட தீர்வு, நான் அறிந்தவரையில் கணினியியலின் மிக அழகான கருத்துகளில் ஒன்று. ‘தேற்றம்’ என்பதையே மொழியின் ஒரு வகையாக்கிவிட்டார்கள். முழு எண் ஒரு வகை, எழுத்துச்சரம் ஒரு வகை என்பதுபோலத் தேற்றமும் ஒரு வகை. ஆனால் அதன் உள்ளமைப்பு வெளியே தெரியாது. நீங்கள் விரும்பிய வாக்கியத்தை எழுதி, ‘இது தேற்றம்’ என்று முத்திரை குத்த வழியில்லை. தேற்றம் என்ற வகையில் ஒரு பொருளை உண்டாக்கித் தரும் சார்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: நிரூபணமின்றி ஏற்கப்படும் மெய்க்கோள்களைத் தருபவை சில, ஏற்கெனவே உள்ள தேற்றங்களை வாங்கி அனுமான விதியின்படி புதிய தேற்றத்தைத் தருபவை சில. நாணயச்சாலைக்கு வெளியே நாணயம் பிறக்க முடியாத ஏற்பாடு. உங்கள் கையில் தேற்றம் என்ற வகையில் ஒரு பொருள் இருக்கிறது என்றால், அது அந்தச் சில வாசல்களின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஆகவே அது நிரூபிக்கப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த ஒரே ஏற்பாட்டால் இரண்டு முட்டுக்கட்டைகளும் விலகின. நிரூபணம் நடந்து முடிந்ததும் அதன் அடிகளைத் தூக்கிப் போட்டுவிடலாம். தேற்றத்தின் வகையே சான்றாக நிற்கிறது. பயனர் தம் விருப்பப்படி எவ்வளவு சிக்கலான நிரூபண உத்தியை வேண்டுமானாலும் நிரலாக எழுதலாம். அதில் ஆயிரம் தவறு இருந்தாலும் மிஞ்சிப்போனால் அது தேற்றத்தைத் தராமல் நின்றுவிடும், பொய்த் தேற்றத்தை மட்டும் தராது.

உத்திகளின் அமைப்பைப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். எல்சிஎஃப்பில் டாக்டிக் என்றழைக்கப்படும் உத்தி, நிரூபிக்க வேண்டிய இலக்கை வாங்கி இரண்டு பொருள்களைத் தருகிறது. ஒன்று, இலக்கைப் பிரித்துக் கிடைத்த சிறு இலக்குகளின் பட்டியல். இன்னொன்று, அந்தச் சிறு இலக்குகளுக்கான தேற்றங்கள் பின்னால் கிடைக்கும்போது அவற்றை வாங்கி மூல இலக்குக்கான தேற்றத்தைக் கட்டித் தரும் ஒரு சார்பு. போகும்போதே திரும்பி வரும் வழியையும் கையோடு கொண்டுபோவது போன்றது இது. சார்பு ஒன்று இன்னொரு சார்பை விளைவாகத் தருவதும், பட்டியலுக்குள் தேற்றங்கள் இருப்பதும், உத்தி பொருந்தாதபோது தோல்வியை அறிவித்து அடுத்த உத்திக்கு வழிவிடுவதும் மொழியில் இயல்பாக அமைய வேண்டியிருந்தது. எம்எல்லின் உயர்வரிசைச் சார்புகளும், விதிவிலக்கு கையாளும் முறையும் நிரலாளரைக் கவர்வதற்காகச் சேர்க்கப்பட்ட அணிகலன்கள் அல்ல. நிரூபணம் தேடுகிறவருக்கு அவை அன்றாடத் தேவையாக இருந்தன.

இந்தக் கருத்தை நான் என் சொந்த வேலைக்கு எடுத்துக்கொண்டதைச் சொல்ல வேண்டும். முன்பு நான் பணியாற்றிய ஓரிடத்தில், பொருளின் எண்ணும் அதன் எண்ணிக்கையும் இடம் மாறிய நிலையில் ஒரு நிரல் மூன்று வாரம் ஓடியது. இரண்டுமே முழு எண்கள் என்பதால் எந்தக் கருவியும் வாய் திறக்கவில்லை. கணக்கு பொருந்தவில்லை என்று கிடங்கில் இருந்தவர்கள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. சரிசெய்ய எங்களுக்குப் பல நாட்கள் பிடித்தன. அதற்குப் பிறகு நான் எழுதிய நிரல்களில் வெளியிலிருந்து வரும் எந்தத் தகவலும் அதற்கென்று ஒரு தனி வகையைப் பெறும். அந்த வகையில் பொருளை உண்டாக்கும் சார்பு ஒன்றே ஒன்றுதான், அதுவும் தகவலைச் சரிபார்த்த பிறகே தரும். உள்ளே இருக்கும் நூறு சார்புகளும் மறுபடி மறுபடி சரிபார்க்க வேண்டியதில்லை. வாங்கும் பொருளின் வகையே, அது வாசலைக் கடந்து வந்தது என்பதற்குச் சாட்சி. ஸ்காட்டின் தர்க்கத்துக்காக எடின்பரோவில் செய்த ஏற்பாடு, பொருள் கணக்கு வைக்கும் நிரலுக்கும் ஒரு மாற்றமும் இல்லாமல் பொருந்தியது.

காவல் இப்படி வகையின் பொறுப்பில் விடப்பட்டால், வகைமுறையில் ஓட்டை இருக்கவே கூடாது. மற்ற மொழிகளில் வகைமுறையின் ஓட்டை ஒரு குறை; எம்எல்லில் அது பொய்த் தேற்றம். அதே சமயம், ஒவ்வொரு மாறிக்கும் வகையைக் கைப்பட எழுத வைத்தால் நிரூபணத்தில் மூழ்கியிருப்பவரின் பொறுமை போய்விடும். எண் பட்டியலுக்கு ஒன்று, தேற்றப் பட்டியலுக்கு ஒன்று என்று ஒரே சார்பைத் திரும்பத் திரும்ப எழுத வைப்பதும் நடைமுறைக்கு ஒவ்வாது. இந்த மூன்று நெருக்கடிகளுக்கும் ஒரே விடையாக வந்ததுதான் மில்னரின் 1978ஆம் ஆண்டுக் கட்டுரை. வகை எதையும் எழுதாமலே, நிரலின் வகையைக் கம்பைலர் தானே கண்டுபிடிக்கும் வழிமுறையையும், வகை சரியாக அமைந்த நிரல் தடம் புரளாது என்பதற்கான நிரூபணத்தையும் அது தந்தது. சமன்பாடுகளைத் தீர்க்க ஆலன் ராபின்சன் 1965இல் வகுத்த ஒருமைப்படுத்தும் முறையை அது பயன்படுத்திக்கொண்டது. தர்க்கவியலாளர் ரோஜர் ஹிண்ட்லி 1969இலேயே இதையொட்டிய முடிவை எட்டியிருந்தார். மில்னர் அதை அறியாமலே தம் வழியில் வந்து சேர்ந்தார். அதனால்தான் இன்று இது ஹிண்ட்லி-மில்னர் முறை எனப்படுகிறது. மில்னரின் மாணவர் லூயிஸ் டமாஸ் அவரோடு சேர்ந்து 1982இல், இந்த வழிமுறை கண்டுபிடிக்கும் வகையே அந்த நிரலுக்குச் சாத்தியமான எல்லா வகைகளிலும் மிகப் பொதுவானது என்பதை நிறுவினார். என் பயிற்சியில் ஆல்ஃபாவும் பீட்டாவும் தனித்தனியே நின்றது இந்த உண்மையின் பலனே. கம்பைலர் தேவைக்கு மேல் ஒரு சமன்பாட்டைக்கூடத் தானாகச் சேர்த்துக்கொள்வதில்லை என்பதால்தான், நான் விட்ட சமன்பாடு வெளிச்சத்துக்கு வந்தது.

இந்த வழிமுறை மோசமான நிலையில் எடுக்கும் காலம், நிரலின் நீளத்தோடு இரட்டித்து இரட்டித்துப் பெருகக்கூடியது என்பது 1990இல் நிறுவப்பட்டது. ஆனால் மனிதர்கள் எழுதும் நிரல்களில் அந்த நிலை வருவதேயில்லை என்று சொல்லலாம். என் அனுபவத்தில் நான் ஒருமுறையும் அதற்காகக் காத்திருந்ததில்லை.

காத்திருக்க வைத்த சிக்கல் வேறு. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உள்ளடக்கத்தை மாற்றக்கூடிய ஒரு பெட்டியை எண்ணிப் பாருங்கள். அதில் ஒரு வெற்றுப் பட்டியலைப் போட்டு வைக்கிறோம். வெற்றுப் பட்டியல் எந்த வகைக்கும் பொருந்தும். எனவே இது ‘எந்த வகைப் பட்டியலையும் கொள்ளும் பெட்டி’ என்று வழிமுறை பொதுமைப்படுத்திவிடும். இப்போது ஓரிடத்தில் அதை எண் பட்டியலின் பெட்டியாகக் கருதி ஓர் எண்ணை உள்ளே வைக்கலாம். இன்னோரிடத்தில் அதையே எழுத்துச்சரப் பட்டியலின் பெட்டியாகக் கருதி வெளியே எடுக்கலாம். இரண்டு இடத்திலும் வகை பொருந்துகிறது, ஆனால் நிரல் ஓடும்போது உடைகிறது. எல்சிஎஃப்பின் கண்ணோடு பார்த்தால் ஆபத்து இன்னும் பெரிது: நிரூபிக்கப்படாத ஒரு வாக்கியத்தைப் பெட்டிக்குள் போட்டு, தேற்றமாக வெளியே எடுத்துவிடலாம். நாணயச்சாலைக்குப் பின்வாசல் திறந்துவிடும். இந்த வாசலை எப்படி அடைப்பது என்பதில் பல ஆண்டு ஆராய்ச்சி போனது. மட்ஸ் டோஃப்டே வகுத்த ஒரு நுட்பமான முறை எம்எல் மொழியின் 1990ஆம் ஆண்டு வரையறையில் இடம்பெற்றது. 1995இல் ஆண்ட்ரூ ரைட் மிக எளிய ஒரு விதியை முன்வைத்தார்: கணக்கிட ஏதுமில்லாத மதிப்புகளை மட்டும் பொதுமைப்படுத்துவோம், புதிய பெட்டியை உண்டாக்குவது போன்ற செயல் அடங்கிய எதையும் பொதுமைப்படுத்த வேண்டாம். இது கூடுதல் கட்டுப்பாடாயிற்றே, நிரல்கள் உடைந்துவிடாதா என்ற கேள்விக்கு, புழக்கத்திலிருந்த பெரிய எம்எல் நிரல்களையே எடுத்து ஆராய்ந்து, மாற்ற வேண்டியவை மிகச் சிலவே என்று காட்டினார். 1997ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த எளிய விதியை ஏற்றுக்கொண்டது. நுட்பமானதை விட்டு எளியதைத் தேர்ந்துகொண்ட அந்த முடிவு மில்னரின் மரபுக்கு முற்றிலும் உரியது என்று நான் கருதுகிறேன்.

அந்த வரையறையைப் பற்றியும் ஒரு சொல். 1980களின் தொடக்கத்தில் எம்எல்லுக்குப் பல கிளைகள் முளைத்திருந்தன. லூக்கா கார்டெல்லியின் வடிவம் ஒன்று, கேம்பிரிட்ஜும் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனமும் வளர்த்த வடிவம் ஒன்று, ராட் பர்ஸ்டாலும் சகாக்களும் உருவாக்கிய ஹோப் மொழியின் செல்வாக்கு ஒருபுறம். அவற்றை ஒன்றுசேர்க்க 1983இல் மில்னர் ஸ்டாண்டர்ட் எம்எல் என்ற முன்மொழிவை எழுதினார். 1990இல் அவரும் டோஃப்டேயும் ராபர்ட் ஹார்பரும் வெளியிட்ட வரையறை, ஒரு முழு மொழியின் பொருளையும் தர்க்கத்தின் அனுமான விதிகளாகவே எழுதிவிட்டது. இந்தத் தொடர் இந்தச் சூழலில் இந்த மதிப்பைத் தரும் என்பதற்கு, கோட்டுக்கு மேலே நிபந்தனைகள், கோட்டுக்குக் கீழே முடிவு. கம்பைலர் எழுதுகிறவர் ஐயம் வந்தால் வேறொரு கம்பைலரை ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. விதியைப் பார்த்தால் போதும். புழக்கத்தில் உள்ள மொழிகளில் இன்றும் இது அரிது. பல மொழிகளின் கையேடுகளோடு போராடிய எனக்கு, சிறிய அந்த நூல் கொடுக்கும் நிம்மதியைச் சொல்லி மாளாது.

1991இல் மில்னருக்கு டியூரிங் விருது கிடைத்தபோது எல்சிஎஃப், எம்எல் ஆகியவற்றோடு மூன்றாவதாகச் சொல்லப்பட்டது சிசிஎஸ். ஒரே நேரத்தில் இயங்கி ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் அமைப்புகளுக்கான கணிதம் அது; 1980இல் நூலாக வந்தது. இங்கே அவர் எழுப்பிய கேள்வி, இரண்டு அமைப்புகள் ஒன்றேபோல் நடந்துகொள்கின்றன என்று எப்போது சொல்லலாம் என்பது. சாவியைத் திருப்பியதும் சிவப்பு, பச்சை என்ற இரு பொத்தான்களில் நீங்கள் விரும்பியதை அழுத்த இடம் தரும் இயந்திரம் ஒன்று. சாவியைத் திருப்பும்போதே, எந்தப் பொத்தான் வேலை செய்யும் என்பதைத் தானே முடிவுசெய்துவிடும் இயந்திரம் இன்னொன்று. நடந்தவற்றை வரிசையாக எழுதி வைத்தால், சாவி-சிவப்பு, சாவி-பச்சை என்று இரண்டுக்கும் ஒரே பட்டியல்தான் வரும். ஆனால் சிவப்பை அழுத்த நினைத்து நிற்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவது இயந்திரம் அவரைக் கைவிடக்கூடும். வெளியிலிருந்து பழகுகிறவரால் வேறுபடுத்தவே முடியாத அமைப்புகளை மட்டுமே ஒன்று எனலாம் என்ற இந்த நோக்குக்கு, டேவிட் பார்க் 1981இல் தந்த பைசிமுலேஷன் என்ற வடிவம் நிலையான கணித உருவம் கொடுத்தது. தொடர்பு வழிகளையே செய்தியாக அனுப்பக்கூடிய பை கால்குலஸ் என்ற கணித முறையை மில்னர், யோகிம் பரோ, டேவிட் வாக்கர் ஆகிய மூவரும் 1992இல் வெளியிட்டார்கள். இந்தக் கிளையைப் பற்றித் தனியே எழுத வேண்டும். நான் அதில் இன்னும் மாணவன்.

எல்சிஎஃப்பின் சந்ததிக்கு வருகிறேன். மைக் கார்டன் கேம்பிரிட்ஜுக்குச் சென்று, வன்பொருள் சுற்றுகளைச் சரிபார்க்க ஹால் என்ற நிரூபண அமைப்பை உருவாக்கினார். அங்கேயே லாரன்ஸ் பால்சன் 1986 வாக்கில் இசபெல் அமைப்பைத் தொடங்கினார். 1994இல் இன்டெல்லின் பென்டியம் சில்லில் வகுத்தல் பிழை வெளிப்பட்டு, அந்த நிறுவனம் 47.5 கோடி டாலரை இழப்பாகக் கணக்கில் ஒதுக்கியது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் கார்டனின் மாணவரான ஜான் ஹாரிசன் இன்டெல்லில் சேர்ந்து, தசம எண்களைக் கையாளும் மிதவைப் புள்ளிக் கணக்கீட்டு வழிமுறைகளைத் தாம் எழுதிய ஹால் லைட் அமைப்பில் நிரூபித்தார். 2009இல் எஸ்இஎல்4 என்ற இயக்குதளக் கரு, சுமார் 8,700 வரி சி மொழி நிரல், இசபெல்லில் முழுமையாகச் சரிபார்க்கப்பட்டது. அதற்கான நிரூபணம் சுமார் 2 லட்சம் வரிகள். கோளங்களை மிக நெருக்கமாக அடுக்குவது பற்றி 1611இல் கெப்லர் எழுப்பிய ஊகத்துக்கு 1998இல் தாமஸ் ஹேல்ஸ் தந்த நிரூபணத்தை, பல ஆண்டுகள் படித்த அறிஞர் குழு 99 சதவீதம் உறுதி என்றுதான் சொல்ல முடிந்தது. மீதி ஒரு சதவீதத்துக்காக அவர் தொடங்கிய திட்டம், ஹால் லைட்டிலும் இசபெல்லிலும் 2014 ஆகஸ்டில் நிறைவடைந்தது. காக் (இன்றைய பெயர் ராக்), லீன் ஆகிய அமைப்புகள் நிரூபணத்தையே பொருளாக வைத்துச் சரிபார்க்கும் வேறு வழியில் செல்பவை. ஆயினும் இலக்கைப் பிரிக்கும் டாக்டிக் என்ற சொல்லும் முறையும் அவற்றுக்கு எடின்பரோவிலிருந்து வந்தவையே.

ஹால் லைட்டின் கரு, அதாவது தேற்றங்களை உண்டாக்கும் அதன் மையப் பகுதி, சில நூறு வரிகள் மட்டுமே கொண்டது. பத்து அடிப்படை அனுமான விதிகள், மூன்று மெய்க்கோள்கள். அதை நான் வரிவரியாகப் படித்திருக்கிறேன். சில நாட்களில் படித்து முடிக்கக்கூடியது. கெப்லர் ஊகத்தின் அந்தப் பிரம்மாண்டமான நிரூபணத்தில் ஹால் லைட்டின் பங்கு முழுவதும் இந்தச் சில நூறு வரிகளின் வழியாகத்தான் வெளியே வந்திருக்கிறது என்று எண்ணியபோது, தாளை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தேன்.

ஆனால் அந்தக் கரு எழுதப்பட்டிருப்பது ஓகேம்ல் மொழியில். ஓகேம்லில் எழுத்துச்சரங்கள் நெடுங்காலம் மாற்றத்தக்கவையாக இருந்தன. ஒரு தேற்றத்தைப் பெற்ற பிறகு, அதிலுள்ள மாறிலியின் பெயரை எழுத்து எழுத்தாக மாற்றிவிட்டால், நிரூபிக்கப்படாத வாக்கியம் தேற்ற முத்திரையோடு நிற்கும். யாரும் தற்செயலாக இதைச் செய்யப்போவதில்லை என்றாலும், பின்வாசல் பின்வாசல்தான்; காவல் காக்கும் மொழி எவ்வளவு உறுதியோ அவ்வளவுதான் தேற்றத்தின் உறுதியும். மில்னர் 2010 மார்ச் 20 அன்று கேம்பிரிட்ஜில் காலமானார். இதற்கான விடை அவருக்குப் பின் வந்தது. ஸ்டாண்டர்ட் எம்எல்லின் பெரும்பகுதியை உள்ளடக்கிய கேக்எம்எல் என்ற மொழிக்கு, தரும் இயந்திரக் கட்டளைகள் மூல நிரலின் பொருளிலிருந்து பிறழாது என்று ஹால் அமைப்பிலேயே நிரூபிக்கப்பட்ட கம்பைலர் ஒன்று உருவாகி, 2014இல் அது பற்றிய கட்டுரை வெளிவந்தது. 2022இல் ஹால் லைட்டையே கேக்எம்எல்லில் மறுபடி எழுதி, அதன் வழியே பொய்த் தேற்றம் எதுவும் வெளிவர முடியாது என்பதை இயந்திரக் கட்டளைகள் வரை நிரூபித்தார்கள். அதற்குக் கேண்டில் என்று பெயர். தேற்றங்களைக் காக்கப் பிறந்த மொழியை இப்போது தேற்றங்கள் காக்கின்றன. கேக்எம்எல்லை என் கணினியில் நிறுவியதும் நான் முதலில் எழுதிப் பார்த்தது, பட்டியலைத் தலைகீழாக்கும் அந்த இரண்டு வரிகளைத்தான். இந்த முறை எடுத்து வைத்த உறுப்பைக் கடைசியில் சேர்த்தேன்.